வீட்டில் கறவை ஆடு

வெள்ளாட்டை ‘ஏழையின் பசு’ என்று கூறுவது வழக்கம். பசு வளர்ப்பதற்கு வேண்டிய இடமும் முதலும் இல்லாத குடும்பத்திற்கும் அது பால் தரும். பெங்களூரில் அல்சூர் ஏரியை அடுத்த மர்பி டவுன் போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவர்களுள் பலருடைய பாட்டன்மார் ஊரில் ஆடு மேய்த்தவர்களே. எனினும், காட்டில் மேயும் ஆட்டை வளர்ப்பது வேறு. நகரத்துக் கொல்லையில் கறவை ஆட்டைப் பேணுவது வேறு. பின்னதனைக் கற்றுக்கொண்ட பின்னரே தொடங்குதல் வேண்டும்.

கற்பதற்கு வயது தடையன்று என்பதற்கு இந்நகரிலேயே சான்று உண்டு. பால் அருந்துவதில்லை என நோன்பு பூண்டிருந்த காந்தியடிகள், கடும் நோயுற்றபோது கஸ்தூரிபா அம்மையாரின் சொல்லுக்கு இணங்கி ஆட்டுப்பாலை ஏற்றார். பின்னர் 1927-ஆம் ஆண்டில், உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்தபொழுது, இங்கிருந்த அரசாங்கப் பால்பண்ணை நிலையத்தில் மாணவரைப் போல் பாடம் கேட்டார். அப்பொழுது அவருக்கு வயது 57. அந்நிலையத்தின் தலைமையிடம் 1955-இல் கர்னாலுக்கு மாறிற்று. அதன் தென்மண்டலக் கிளை ஆடுகோடியில் உள்ளது.

ஆடு வாங்குமுன், வளர்ப்பதற்கு மாநகராட்சியின் விதிகள் இடந்தருகின்றனவா என்பதையும், அண்டை வீட்டாரின் இசைவையும் அறிந்துகொள்ளல் நலம். ஆடு கூட்டமாக வாழும் இயல்பினது. தனித்திருப்பின் ஓயாது கத்தும். ஆதலின் இரண்டு பெட்டைகளேனும் வேண்டும். கிடாயை உடன் கட்டலாகாது. அதன் வாடை பாலிலும் ஏறும். ஓர் ஆட்டுக்கு ஏறக்குறைய 10 சதுர அடி கூரையிடமும், அதனினும் இரு மடங்கு திறந்த வெளியும் தேவை. ஈரம் ஆட்டுக்குப் பகை. தரையினின்று உயர்த்திய மரப்பலகைப் பரண் சிறந்தது.

கன்னி ஆடும் கொடி ஆடும் பெரும்பாலும் இறைச்சிக்கு உரியவை. அவற்றின் பால் குட்டிகளுக்கே சரியாக இருக்கும். பாலை விரும்புவோர் தலைச்சேரி, ஜமுனாபாரி முதலிய இனங்களை நாடலாம். சந்தையில் பல்லைப் பார்த்து வயதை அறியலாம். கீழ்த்தாடையில் உள்ள எட்டுப் பாற்பற்களுள் நடுவிலுள்ள இரண்டு, ஏறத்தாழ ஓராண்டுக்குமேல் விழுந்து பெரிய பற்கள் முளைக்கும். மடி மிருதுவாகவும், காம்புகள் இரண்டும் ஒத்த அளவினவாகவும் இருத்தல் வேண்டும். இயன்றால் நம் கண்முன் கறந்து காட்டச் செய்து வாங்குக.

அகத்தி, முருங்கை, பலா முதலியவற்றின் தழையை ஆடு விரும்பித் தின்னும். தழையைத் தரையில் இடாது, உயரத்தில் கட்டித் தொங்கவிடுக. தவிடும் பிண்ணாக்கும் அளவோடு கொடுக்கலாம். திடீரென மிகுதியாகத் தானியம் கொடுத்தால் வயிறு ஊதும். அரளி நஞ்சு, அதனை அணுகவிடலாகாது. ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி நோய் ஆகியவற்றுக்குத் தடுப்பூசிகள் உண்டு. ஹெப்பாளத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. ஐயம் எழுந்தால் மருத்துவரைக் கேட்பதே முறை.

வெள்ளாட்டின் சினைக்காலம் சற்றேறக்குறைய 150 நாள். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்திவிட வேண்டும். குட்டி பிறந்து ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் அதற்குக் கிடைத்தல் இன்றியமையாதது. குட்டியின் பங்கு போக எஞ்சியதே நமது பங்கு.

நாள்தோறும் காலையும் மாலையும் ஒரே நேரத்தில், கூடியவரை ஒரே கையால் கறப்பது நன்று. கையையும் மடியையும் கழுவித் துடைத்தபின், கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் காம்பின் மேற்புறத்தை வளைத்துப் பிடித்துப் பால் மேலே திரும்பாதவாறு தடுக்க வேண்டும். பிறகு மற்ற விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக மடக்கி அழுத்துக. காம்பை இழுத்தல் கூடாது. முதற்பீச்சுகளைத் தனிக்கிண்ணத்தில் விட்டுப் பார்த்தால், திரிதிரியாகவோ இரத்தச் சாயலுடனோ இருப்பது மடிநோயைக் காட்டிவிடும். அந்தப் பாலை எவருக்கும் கொடுத்தலாகாது.

வடிகட்டிய பாலைக் காய்ச்சியே பருக வேண்டும். ஆட்டுப்பால் பச்சையாகவே மருந்து எனச் சிலர் கூறுவர். மால்டாத் தீவில் ஆங்கிலேயப் படைவீரர் பலரை விடாக் காய்ச்சல் வாட்டியது. அதன் கிருமியை 1887-இல் டேவிட் புரூஸ் கண்டறிந்தார். அக்கிருமி ஆடுகளிடம் இருப்பதை 1905-இல் ஸாமிட் என்னும் மருத்துவர் கண்டார். படைவீரர்க்கு அப்பாலை நிறுத்தியதும் நோய் வெகுவாகக் குறைந்தது. அந்நோய் நம் நாட்டிலும் உண்டு. மேலும், ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக ஆட்டுப்பாலைக் கொடுத்தலாகாது. இரத்தம் ஊறுவதற்கு வேண்டிய ஃபோலிக் அமிலம் அதில் மிகக் குறைவு.

ஆகவே, விடுமுறை நாள்களில் ஆடு வளர்ப்போர் ஒருவரிடம் சென்று, சில வேளைகளேனும் கறந்து பழகுக. கை பழகிய பின்னர் ஆடு வாங்குவதே, ஆட்டுக்கும் வீட்டாருக்கும் நன்மை பயக்கும்.