லாங்போர்டு முதல் டூ வீலர் வரை... ரோட்டில் தேய்ந்த தோலுக்கு முதல் 10 நிமிடம்தான் முக்கியம்!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றை ஒட்டிய மேரிஹில் மலைச்சரிவில் ஒரு பழைய சாலை இருக்கிறது. பாம்பு ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து இறங்கும் சாலை. நல்ல சாலை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்குக் காட்டுவதற்காக, சாமுவேல் ஹில் என்ற செல்வந்தர் 100 ஆண்டுகளுக்கு முன்பு தன் சொந்தப் பணத்தில் போட்டது. அந்த மாநிலத்தில் முதன்முதலாகத் தார் கண்ட சாலை அதுதான்.

இன்றைக்கு அங்கே கார்களுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஆனால், லாங்போர்டு பந்தயக்காரர்களுக்கு அது பெயர்போன இடம். உடம்பு முழுக்கத் தோலாடை, தலையில் ஹெல்மெட், கையில் கனமான கிளவுஸ் என்று தயாராகி, சக்கரம் வைத்த ஒரு பலகையில் நின்றபடி அந்த வளைவுகளில் சீறிக்கொண்டு இறங்குவார்கள். சிலர் அழகாகக் கீழே போய்ச் சேர்வார்கள். சிலர் போய்ச் சேரும்போது பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

அப்படி விழுந்து, தார்ச்சாலையில் தேய்த்துக்கொண்டு போவதால் வரும் காயத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரோடு ராஷ்’. நம் ஊரில் அதற்குப் பெயர் சிராய்ப்பு. லாங்போர்டைக் கண்ணால் பார்த்திராதவர்களுக்கும் இந்தக் காயம் தெரியும். தெருமுனை மணலில் வழுக்கிய டூ வீலர், பிரேக் பிடிக்காத சைக்கிள், ஸ்கேட்டிங் வகுப்பின் முதல் நாள்... முட்டியில் ஒரு தழும்பாவது இல்லாதவர்கள் குறைவு. ‘சிராய்ப்புதானே’ என்று நாம் அலட்சியமாக விடும் இந்தக் காயத்தைத்தான் பெரும்பாலும் தப்பாகக் கவனிக்கிறோம்.

பிரேக் இல்லாத பலகை

லாங்போர்டு என்பது ஸ்கேட்போர்டின் நீளமான அண்ணன். பலகை நீளம், சக்கரங்கள் பெரியவை, கொஞ்சம் மெத்தென்று இருப்பவை. துள்ளிக் குதித்து வித்தை காட்ட அல்ல. நீண்ட தூரம் வழுக்கிக்கொண்டு போகவும், சரிவில் வேகமாக இறங்கவும் ஏற்றது.

கடலில் அலை இல்லாத நாள்களில் என்ன செய்வது என்று யோசித்த கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு இளைஞர்களிடம் வளர்ந்த விளையாட்டு இது. ஆரம்பத்தில் இரும்புச் சக்கரமும், களிமண் கலவையில் செய்த சக்கரமும்தான். சின்னக் கல் பட்டாலே சக்கரம் நின்றுவிடும், ஆள் பறந்துவிடுவார். 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் பாலியூரித்தேன் சக்கரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் சாலையை இறுகப் பற்றி ஓடும் பலகை கிடைத்தது. கூடவே வேகமும் ஏறியது. 2017-ல் பீட்டர் கொனொலி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பலகையில் நின்றபடியே மணிக்கு 146.73 கி.மீ. வேகத்தைத் தொட்டு கின்னஸ் சாதனை படைத்தார்.

இத்தனை வேகம் போகும் பலகையில் பிரேக் கிடையாது. ஒற்றைக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்த வேண்டும். அல்லது பலகையைக் குறுக்கே திருப்பிச் சறுக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லி மலைச்சாலைகளில் கிளிஃப் கோல்மன் பழக்கிக் காட்டிய ‘கோல்மன் ஸ்லைடு’ இன்றும் புதியவர்கள் கற்கும் முதல் பாடங்களில் ஒன்று. குந்தி உட்கார்ந்து, கிளவுஸ் அணிந்த ஒரு கையைத் தரையில் ஊன்றி, பலகையைக் குறுக்கே திருப்புவது. அந்த கிளவுஸின் உள்ளங்கையில் கெட்டியான பிளாஸ்டிக் வில்லை ஒட்டியிருக்கும். காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை வெட்டி, வீட்டிலேயே அந்த வில்லையைச் செய்துகொள்பவர்களும் உண்டு.

விழுவது எப்படி?

வேகம் கூடும்போது பலகை இடமும் வலமுமாக நடுங்க ஆரம்பிக்கும். பயந்து உடம்பை விறைத்தால் நடுக்கம் இன்னும் கூடி ஆளைத் தள்ளிவிடும். இது ஒன்று. சக்கரத்தில் கல் சிக்கி, பலகை மட்டும் நின்று ஆள் முன்னால் பறப்பது இன்னொன்று. இறங்கிய பிறகுதான் ‘நிறுத்தத் தெரியாதே’ என்று நினைவுக்கு வருவது மூன்றாவது. புதியவர்கள் பலர் விழுவது இந்த மூன்றாவது வகையில்தான்.

வேகத்துக்கும் சிராய்ப்புக்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. வேகம் இரண்டு மடங்கானால், விழுந்த பிறகு தரையில் தேய்த்துக்கொண்டு போகும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் விழுந்தால் இரண்டு, மூன்று மீட்டரில் உடம்பு நின்றுவிடலாம். 40 கி.மீ. என்றால் 10 மீட்டர் வரை போகலாம். அந்தத் தூரம் முழுவதும் சொரசொரப்பான தார்ச்சாலைக்கும் எலும்புக்கும் நடுவே இருப்பது தோல் மட்டும்தான்.

உடம்பின் பெரும்பாலான இடங்களில் தோலின் மேலடுக்கு சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம்தான். அது மட்டும் தேய்ந்தால் தழும்பில்லாமல் ஆறிவிடும். அதற்கு அடுத்த அடுக்கில்தான் ரத்தக் குழாய்கள், முடியின் வேர்கள், நரம்பு நுனிகள் எல்லாம் இருக்கின்றன. சிராய்ப்பில் ஏராளமான நரம்பு நுனிகள் ஒரே நேரத்தில் வெளியே தெரிவதால்தான், கத்திக் கீறலைவிடச் சிராய்ப்பு அதிகமாக எரிகிறது. வலி அதிகம் என்பதாலேயே காயம் ஆழமானது என்று அர்த்தமில்லை. வெள்ளையாகவோ மஞ்சள் கொழுப்பாகவோ உள்ளே தெரிந்து, அதில் வலியும் குறைவாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

முதலில் குழாயடி!

எழுந்ததும் காயத்தைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். தலையில் அடிபட்டதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா, கை காலை அசைக்க முடிகிறதா? இதெல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது குழாயடி.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, குடிக்கும் தரத்தில் உள்ள சுத்தமான தண்ணீரைக் காயத்தின் மேல் ஓடவிட வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. 5 முதல் 10 நிமிடம் வரை ஓடட்டும். குழாய்த் தண்ணீரின் தரத்தில் சந்தேகம் இருந்தால், கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரோ, மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் பாட்டிலோ நல்லது. சோப்பு காயத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு. காயத்துக்கு ஓடும் தண்ணீரே போதும்.

ஒட்டியிருக்கும் மணலையும் தார்த் துகளையும் ஈரமான காஸ் துணியால் மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். துகளை அப்படியே விட்டால் கிருமி சேரும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. மேலே தோல் மூடியதும் அந்தக் கருந்துகள் உள்ளேயே தங்கி, பச்சை குத்தியதுபோல நீலக் கறுப்பாக நிலைத்துவிடும். பிறகு லேசர் சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும். முகத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டில் எடுக்க முடியாத அளவுக்குத் துகள் புதைந்திருந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுவது நல்லது. அவர் மரத்துப்போகும் மருந்து கொடுத்துச் சுத்தம் செய்வார்.

ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றதா என்று நடுவே எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கையில் அடி என்றால் வீக்கம் வருவதற்குள் மோதிரம், வளையல், காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

காபித்தூள், மஞ்சள்தூள், பற்பசை எதையும் காயத்தில் அப்ப வேண்டாம். கசியும் நீரோடு கலந்து கட்டியாகி, காயத்தையே மறைத்துவிடும். டாக்டர் அதை மறுபடியும் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும்; வலி இரண்டு மடங்கு. ஸ்பிரிட்டும், நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் கிருமியோடு சேர்த்து, ஆறவரும் புது செல்களையும் பதம் பார்த்துவிடும்.

‘காத்தாட விடு’ சரியா?

“மூடி வைக்காதே, காத்தாட விடு, காயட்டும்.” தலைமுறை தலைமுறையாக வீடுகளில் கேட்கும் அறிவுரை இது. சொன்னவர்களுக்கு அக்கறை நிறைய. ஆனால், விஷயம் நேர்மாறு.

1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற விஞ்ஞானி பன்றிகளின் தோலில் ஏற்பட்ட மேலோட்டமான காயங்களை ஆராய்ந்து, ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார். காற்றில் காயவிட்ட காயங்களைவிட, மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடிய காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் பரவியது. அடுத்த ஆண்டே மனிதர்களிடம் நடந்த ஆய்வும் இதை உறுதி செய்தது.

காரணம் எளிது. புதுத் தோல் செல்கள் ஓரங்களிலிருந்தும் முடி வேர்களிலிருந்தும் கிளம்பி, நகர்ந்து நகர்ந்து காயத்தை மூடுகின்றன. ஈரம் இருந்தால் நேராக நகரும். காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டால், அந்தப் பொருக்குக்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டும். முட்டியில் காய்ந்த பொருக்கு, ஒவ்வொரு முறை காலை மடக்கும்போதும் வெடித்து ரத்தம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆறும் அடையாளம் இல்லை. ஆறிக்கொண்டிருந்தது மறுபடி கிழிந்த அடையாளம்.

அதனால், கழுவிய காயத்தில் சுத்தமான பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவி, ஒட்டாத வகைக் கட்டு போட வேண்டும். மருந்துக்கடையில் ‘பாரஃபின் காஸ்’ என்று கேட்டால் கிடைக்கும். தினமும் ஒரு முறையும், நனைந்தாலோ அழுக்கானாலோ உடனேயும் மாற்ற வேண்டும். ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காமல், தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுக்கலாம். குளிக்கலாம், ஆனால் காயம் மூடும்வரை கடல், குளம், நீச்சல் குளம் வேண்டாம்.

லேசான சிராய்ப்பு ஒன்று, இரண்டு வாரங்களில் மூடிவிடும். இளஞ்சிவப்பாக வரும் புதுத் தோலைச் சில மாதங்களுக்கு வெயில் படாமல் மூடியோ, சன் ஸ்கிரீன் போட்டோ காப்பாற்றினால் நிறம் கறுக்காமல் தப்பிக்கலாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால், முகத்திலோ மூட்டின் மேலோ ஆழமாக இருந்தால், 10 நிமிட அழுத்தத்துக்கும் ரத்தம் நிற்காவிட்டால் தாமதிக்க வேண்டாம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குக் காலில் சின்னச் சிராய்ப்பு என்றாலும் டாக்டர் பார்ப்பது நல்லது.

இரண்டு, மூன்று நாளில் குறைய வேண்டிய வலி கூடினாலும், சிவப்பு பரவினாலும், சூடு, சீழ், காய்ச்சல் வந்தாலும் கிருமித் தொற்று என்று சந்தேகப்பட வேண்டும்.

டெட்டனஸ் ஊசியையும் மறக்கக் கூடாது. மண் பட்ட காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகள் தாண்டியிருந்தால் மறுபடி தேவைப்படும். நம் தடுப்பூசி அட்டவணையில் 10 வயதிலும் 16 வயதிலும் இது உண்டு. அதற்குப் பிறகு எப்போது போட்டோம் என்பது பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு சின்னக் குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலித்தால், ‘ஸ்கேஃபாய்டு’ எலும்பு விரிந்திருக்கலாம். முதல் எக்ஸ்-ரேயில் தெரியாமலும் போகும் எலும்பு அது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருக்க வேண்டாம்.

தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், குழப்பம் இருந்தால் சிராய்ப்பை மறந்துவிட்டு நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

விழவும் பழகணும்!

லாங்போர்டு பழகுபவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் விதி எளிது: நிறுத்தத் தெரியும் வேகத்துக்கு மேல் இறங்காதே. ஹெல்மெட், முழங்கால் கவசம், முழங்கை கவசம், வில்லை வைத்த கிளவுஸ் இல்லாமல் சரிவில் கால் வைக்காதே. விழும்போது கையை நீட்டி ஊன்றாமல், முழங்கால் கவசத்தின் மேல் சறுக்கி, உடம்பை உருட்டிவிடு. புல்தரையில் அதை முதலில் பழகு.

டூ வீலருக்கும் இதிலிருந்து பாடம் இருக்கிறது. பக்கத்துக் கடைக்குத்தானே என்று பெர்முடாஸும் செருப்புமாகக் கிளம்பும் பயணத்திலும் ரோடு அதே ரோடுதான்.

பிள்ளைகள் விழுந்துவிட்டு, வீட்டில் திட்டுவார்களே என்ற பயத்தில், கழுவாத காயத்தின் மேல் ஜீன்ஸை மாட்டிக்கொண்டு வருவதுண்டு. இரண்டு நாள் கழித்து, நொண்டி நடப்பதைப் பார்த்துக் கேட்கும்போது, துணி காயத்தோடு ஒட்டி, சீழ் பிடித்திருக்கும். சாதாரணமாக ஆற வேண்டிய சிராய்ப்பை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய் விடுவது பல நேரங்களில் ரோடு இல்லை. அந்த இரண்டு நாள் மௌனம்தான்.

அதனால் பிள்ளை முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றால், “உன்னை யார் அங்கே போகச் சொன்னது?” என்பது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும். முதல் வார்த்தை, “வா, குழாயடிக்குப் போகலாம்.”