“வீட்டில நடந்தது எண்டு சொல்லு”

2024 மே 6ஆம் திகதி இரவு, பொலிதேயாமாவுக்குப் பின்னாலுள்ள எங்கள் வீட்டில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பலெர்மோவுக்குக் கிழக்கே காஸ்தெல்தாச்சாவில் கழிவுநீர் நிலையமொன்றில் வேலைசெய்த ஐந்து பேர் ஹைட்ரஜன் சல்பைட் வாயுவால் இறந்துவிட்டார்கள். முகமூடி போட்டிருக்கவில்லை. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலே தங்கிவிடும். அளவு கூடினால் மூக்குக்கு மணமே தெரியாது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தன் இடது கையைப் பார்த்தார்.

2001இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அலுமினியப் பட்டறையில் அப்பாவின் இரண்டு விரல்நுனிகளை வெட்டும் மெஷின் எடுத்துவிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் நான்தான் மொழிபெயர்ப்பாளர், அம்மாவுக்கு இத்தாலியன் வராது. கூட வந்த பட்டறை ஆள் வாசலில் நின்றான். “தம்பி, வீட்டில கதவு நசிச்சது எண்டு சொல்லு. வேலை போயிடும்,” என்றார் அப்பா. சொன்னேன். டாக்டர் காயத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டாம் தரமும் கேட்டார். இரண்டாம் தரமும் அதையே சொன்னேன்.

அந்த ஒரு வசனத்தால் அப்பா இழந்தது என்ன என்று பிறகுதான் தெரிந்தது. இதுக்கெண்டே அரச காப்புறுதி நிறுவனம் இருக்கிறது, இனாயில். வேலைக்காயம் என்று டாக்டர் எழுதினால், நாலாம் நாளிலிருந்து 90ஆம் நாள் வரை நாள்சம்பளத்தில் 60 சதவீதம், அதற்குப் பிறகு 75. நிரந்தரப் பாதிப்பு 6 சதவீதம் என்றால் மொத்தத் தொகை, 16இலிருந்து மாதாமாதம் பணம். முதலாளி காப்புறுதிப் பணம் கட்டாமல் விட்டிருந்தாலும், பதிவில்லாத வேலை என்றாலும், தொழிலாளிக்கு உரிமை போகாது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. வீட்டுவேலை, முதியோர் பராமரிப்பு செய்யும் எங்கட ஆக்களுக்கும், வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்த விபத்துக்கும் இது பொருந்தும்.

ஆனால் எல்லாம் அந்த முதல் சான்றிதழில் தொடங்குது. ‘அல் லவோரோ’, வேலையில் நடந்தது, என்று முதல் நாளே சொல்ல வேண்டும். பிறகு மாற்றிச் சொல்லலாம், ஆனால் ஏன் முதலில் பொய் சொன்னாய் என்ற கேள்வி கூடவே வரும். பத்ரொனாத்தோ அலுவலகங்களில் விண்ணப்பத்துக்குக் காசில்லாமல் உதவுவார்கள். உரிமை கோர பொதுவாக 3 வருடம்தான்.

உங்கட அப்பா அம்மா இன்னும் வேலைக்குப் போகிறார்கள் என்றால் இதை இன்றைக்கே கதையுங்கோ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் நீங்களே பேசுங்கோ, பிள்ளையை அதுக்குள்ளே இழுக்காதேங்கோ. நான் கோட் எழுதிப் பிழைப்பவன், ஆயிரம் பிழை திருத்தியிருக்கிறேன். அந்த வசனத்தைத் திருத்த முடியவில்லை.

அன்றிரவு 3 வருடக் கணக்கை அப்பாவுக்குச் சொன்னேன்.

“அப்ப 2004 வரைக்கும் நேரம் இருந்திருக்கு என்ன?” என்றார். பிறகு என் மகளுக்கு மாம்பழம் வெட்டத் தொடங்கினார், மிச்சமிருந்த விரல்களால் பிடித்தபடி.