ஆவாரை: பூவும் பட்டையும்

சங்க இலக்கியத் தாவரங்கள் பற்றி எம்மவர் எழுதும்போது ஆவாரைக்கும் ஓர் இடம் தருவதுண்டு. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் அது ஆவிரை என்ற பெயரில் வருகிறது. குறுந்தொகையின் 173ஆம் பாடலில், மடலேறத் துணிந்த தலைவனின் பனைமடற் குதிரை இம்மஞ்சட் பூமாலையை அணிகிறது. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன்னர் வேப்பிலை, பூளைப்பூ ஆகியவற்றுடன் சேர்த்து வீட்டுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்பது பழமொழி. இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இச்செடி உண்டு. சிங்களத்தில் இதனை ரணவரா என்பர். உலர்ந்த பூவை அவித்துத் தேநீர்போல் அருந்துவது அங்கு வழக்கம்.

இவையெல்லாம் பூவின் கதை. பட்டைக்கு இன்னொரு கதை உண்டு.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி கொன்றைக்கு நெருங்கிய உறவு. இதன் பட்டையில் துவர்ப்புப் பொருளான தனின் மிகுதி. தனின் தோலின் புரதத்துடன் பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பாதி பதனிட்ட தோல்களில் பெருமளவு ஆவாரம் பட்டையில் ஊறியவையே. முதலாம் உலகப் போரில் (1914-18) பிரித்தானியப் படையினரின் சப்பாத்துகளுக்கும் இத்தகைய தோல் பயன்பட்டது.

பின்னர் நிலைமை மாறியது. 1903இல் அல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்பால் பதனிடும் முறையைப் பரிசோதிக்கத் தொடங்கினார். தென்னாபிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டையும் வந்து சேர்ந்தது. ஆவாரம் பட்டையின் சந்தை படிப்படியாகச் சுருங்கிற்று. சென்னைப் புறநகரான குரோம்பேட்டையின் பெயர் அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையின் எச்சம்.

பட்டையை இடித்து, தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டியவர்கள் யார்? பெரும்பாலோர் தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சாதியினர். அவர்கள் பதனிட்ட தோல் கடல் கடந்து விலைபோயிற்று. அதைப் பதனிட்ட கை ஊர்க் கிணற்றைத் தொட முடியவில்லை. தோலின் ‘தீட்டு’ மனிதர்மீது மட்டுமே ஒட்டிக்கொண்டது.

காதற் பாடலுக்கும் தோற்கிடங்குக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு பாடலில் இல்லை, எமது தெரிவில் இருக்கிறது. புலம்பெயர்ந்த நாம் ஊரின் நிலத்தை நினைவிலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்த எழுத்தில் மலர்கள் எளிதாக இடம்பெறுகின்றன, உழைப்பும் சாதியும் விடுபட்டுப் போகின்றன. ஆவாரம்பூவை மறக்கும்படி நான் கேட்கவில்லை. அடுத்த முறை அதைப் பற்றி எழுதுபவர் பட்டையைப் பற்றியும் ஒரு பந்தி எழுதட்டும்.