மனக்கவலைக்குப் போன் போதுமா?

உடம்புக்கு நோய் வரும். மனதுக்கும் வரும். தூக்கம் இல்லை. பசி இல்லை. எதிலும் விருப்பம் இல்லை. இரண்டு வாரமாக இப்படியா? உதவி கேளுங்கள். இதில் வெட்கம் இல்லை.

மனநல மருத்துவர் பக்கத்தில் இல்லையா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது 'டெலி மானஸ்' சேவை. மத்திய அரசு 2022-இல் தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

யாருக்குப் போன் உதவும்? கவலை, பயம், துக்கம் உள்ளவர்கள் முதலில் போனில் பேசலாம். பிறர் காதில் விழாத இடத்தில் பேசுங்கள். மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்லுங்கள்.

யாருக்குப் போன் மட்டும் போதாது? யாரும் பேசாமலே குரல் கேட்கிறதா? மருத்துவரை நேரில் பாருங்கள். சாகலாம் என்று தோன்றுகிறதா? தனியாக இருக்காதீர்கள். உடனே ஒருவரிடம் சொல்லுங்கள். துணையோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

போனோ, நேரோ, பேசுவதுதான் முதல் மருந்து.