பருப்பு ஒரே அண்டாவில்: பல்கலைக்கழகத்தின் கணினி அமைப்பு எப்படி இயங்குகிறது?

ஆயிரம் பேருக்குக் கல்யாணச் சமையல் ஒப்புக்கொள்ளும் மாஸ்டர் முதலில் அடுப்பைப் பற்றிப் பேசமாட்டார். எத்தனை பந்தி, முதல் பந்தி எத்தனை மணிக்கு, காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம், தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது, உக்கிராண அறைக்குப் பூட்டு உண்டா என்று கேட்பார். பிறகு சாமான் லிஸ்ட். அண்டா எத்தனை, கோட்டையடுப்பு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதற்கும் பிறகு.

பல்கலைக்கழகத்தின் கணினி அமைப்பையும் இந்த வரிசையில்தான் திட்டமிட வேண்டும். சேர்க்கை, வகுப்பு, தேர்வு, பட்டம், சம்பளம், ஓய்வூதியம், ஆராய்ச்சி நிதி என்று அங்கே நடக்கும் வேலைகள் என்னென்ன, ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் உச்சத்துக்குப் போகிறது, எந்த அலுவலகத்திலிருந்து எந்த அலுவலகத்துக்கு என்ன தகவல் போக வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டு நேரே டெண்டருக்குப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சர்வர் வந்து இறங்கியபின் அதில் என்ன ஓடப்போகிறது என்று கூட்டம் போட்டால், வாங்கிய சர்வருக்கு ஏற்ப வேலையை வளைக்க வேண்டிவரும்.

ஒரு மாணவியின் பெயரைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்து பார்க்கலாம். சேர்க்கைப் பிரிவு அவருடைய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பார்த்து ‘கவிதா எஸ்’ என்று பதிகிறது. விடுதி அலுவலகம் ஆதாரைப் பார்த்து ‘கவிதா சுப்பிரமணியன்’ என்கிறது. நூலக அட்டையில் ‘எஸ். கவிதா’. கட்டணப் பிரிவு, வங்கிச் சலானில் அப்பா எழுதிய எழுத்துக்கூட்டலை அப்படியே எடுத்துக்கொள்கிறது. மனிதக் கண்ணுக்கு இவர் ஒரே பெண். கணினிக்கு நான்கு பேர். பணம் கட்டியவர் ஒருவர், ஹால் டிக்கெட் கேட்பவர் வேறொருவர் என்று கணினி முடிவு செய்துவிட்டால், தேர்வுக்கு முந்தைய நாள் அந்தப் பெண் ரசீதும் கையுமாகக் கவுன்ட்டர் கவுன்ட்டராக அலைய வேண்டியதுதான். குடும்பப்பெயருக்குப் பதில் இனிஷியலோடு வாழ்கிறவர்கள் மிகுந்த நம் ஊரில் இந்தச் சிக்கல் கூடுதல். வெளியூர் வழக்கத்தை வைத்து எழுதிய மென்பொருள் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் போட்டு, இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அங்கே ஒருவர் ‘எஸ்’ என்று போடுவார், இன்னொருவர் அப்பா பெயரைப் போடுவார், மூன்றாமவர் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்வார்.

கல்யாண அடுப்படியில் துவரம்பருப்பை ஒரே அண்டாவில் வேகவைப்பார்கள். இலையில் நெய்யோடு விழும் பருப்பு, சாம்பார், ரசத்தில் சேரும் பருப்புத் தண்ணீர் எல்லாம் அதிலிருந்து போகும். பதம் பார்க்கும் பொறுப்பு ஒருவருக்கே. சாம்பார் கிளறுகிறவர் தனியாக ஒரு பருப்பு, ரசம் வைக்கிறவர் தனியாக ஒரு பருப்பு என்று ஆரம்பித்தால் விறகும் போதாது, நேரமும் போதாது. மாணவரின் பெயர், பிறந்த தேதி, பதிவு எண், பாடப்பிரிவு ஆகியவைதான் பல்கலைக்கழகத்தின் பருப்பு. ஒரே இடத்தில் வெந்து, எல்லா இடத்துக்கும் அங்கிருந்து போக வேண்டும்.

அதற்கு ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் உரிமையாளர் வேண்டும். பெயருக்குப் பதிவாளர், மதிப்பெண்ணுக்குத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கட்டணத்துக்கு நிதி அலுவலர் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம். தங்கள் மேசையில் வைத்துத் திருத்தக்கூடாது. தவறு தெரிந்தால் உரிமையாளரிடம் சொல்ல வேண்டும், அவர் திருத்தியதும் அது எல்லா இடத்திலும் மாற வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி எல்லா அலுவலகங்களையும் ஒப்புக்கொள்ள வைப்பதுதான் மொத்தத் திட்டத்திலும் கடினமான வேலை என்பது என் உறுதியான எண்ணம். மெல்வின் கான்வே என்ற கணினி வல்லுநர் 1968-ல் ஒரு கட்டுரை எழுதினார்: ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற வடிவத்தையே நகலெடுக்கும் என்றார். சேர்க்கைப் பிரிவும் தேர்வுப் பிரிவும் ஒன்றோடொன்று பேசாத இடத்தில் அவற்றின் மென்பொருள்களும் பேசுவதில்லை.

எல்லாவற்றையும் பொதுவாக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. பருப்பும் புளியும் உப்பும் பொது. தாளிப்பு அவரவர் கையில். இயற்பியல் துறைக்கு ஒரு கணக்கீட்டுக் கணினித் தொகுப்பு வேண்டும், வேளாண் துறைக்கு உணரிகளிலிருந்து வரும் தரவைச் சேர்க்க ஓர் இடம் வேண்டும், மொழித்துறைக்கு ஓலைச்சுவடிப் படங்களை அடுக்கிவைக்க ஒரு களஞ்சியம் வேண்டும். இவற்றை மையக் கணினிப் பிரிவு தன் அச்சில் வார்க்கப் பார்த்தால் ஆராய்ச்சி செத்துவிடும். எது பொது, எது அவரவர் விருப்பம் என்று கோடு கிழிப்பதே திட்டமிடுகிறவரின் தொழில்.

இந்தக் கோட்டை மிகத் தெளிவாகக் கிழித்துக் காட்டிய பல்கலைக்கழக முயற்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1983-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட், ஐ.பி.எம். நிறுவனங்களோடு சேர்ந்து ‘அதீனா’ திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் வளாகத்தின் எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும் தன்னுடைய கோப்புகள் அங்கே வர வேண்டும். அதே சமயம் ஒவ்வொரு கணினிக்கும் தனியாக ஆள் வைத்துப் பராமரிக்கும் நிலை வரக்கூடாது. இந்த இரண்டு தேவைகளிலிருந்துதான் மற்றதெல்லாம் பிறந்தது. ‘மொய்ரா’ என்ற மையத் தரவுத்தளம் பருப்பு அண்டாவாக இருந்தது. பருவம் தொடங்கும் முன் பதிவாளர் அலுவலகத்தின் மாணவர் பட்டியல் அதில் ஏறும். அஞ்சல் சர்வர், கோப்பு சர்வர், பெயர்த் தேடல் சேவை எல்லாம் தங்களுக்கு வேண்டிய பங்கை அங்கிருந்து பெற்றுக்கொள்ளும். யாரும் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

அதீனா உலகத்துக்குக் கொடுத்த பெரிய சொத்து ‘கெர்பரோஸ்’. உக்கிராண அறை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். நெய் டின் கேட்டு வருகிற எல்லாரையும் உக்கிராணக்காரருக்குத் தெரியாது. காலையில் மாஸ்டரிடம் தன்னை உறுதிப்படுத்திக்கொண்ட ஆளுக்கு அவர் ஒரு சீட்டு தருகிறார். சீட்டில் மாஸ்டரின் அடையாளம் இருக்கிறது, எவ்வளவு நேரம் செல்லும் என்ற கணக்கும் இருக்கிறது. உக்கிராணக்காரர் சீட்டைப் பார்த்துச் சாமானைக் கொடுக்கிறார். கெர்பரோஸிலும் இப்படித்தான்: பயனரின் கடவுச்சொல் நெட்வொர்க் வழியாகப் பயணிப்பதே இல்லை, சேவைகளிடம் போவதெல்லாம் கெடு குறித்த மறையாக்கச் சீட்டு மட்டும். நூலகம், அஞ்சல், அச்சுப்பொறி என்று ஒவ்வோர் இடமும் தனித்தனியாகக் கடவுச்சொல் கேட்டு வைத்திருந்தால், ஓரிடத்தில் திருடு போனது எல்லா இடத்தையும் பாதிக்கலாம். ஏனென்றால் பலரும் ஒரே கடவுச்சொல்லைத்தான் எங்கும் போடுகிறார்கள். அதீனா திட்டம் 1991-ல் முடிந்தது. கெர்பரோஸ் விண்டோஸ் 2000 வழியாக உலகெங்கும் அலுவலகங்களுக்குள் போய்ச் சேர்ந்தது.

ஓரிடத்தில் உறுதிப்படுத்திய அடையாளத்தை மற்ற இடங்களும் ஏற்கும் இந்த எண்ணம் பின்னர் வளாகச் சுவரையும் தாண்டியது. எடுரோம் சேவையில் உறுப்பான ஒரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் வேறோர் உறுப்புப் பல்கலைக்கழகத்துக்குப் போனால், தன் சொந்த அடையாளத்தாலேயே அங்குள்ள வைஃபையில் நுழைகிறார். சரிபார்ப்பு அவருடைய தாய் நிறுவனத்துக்குத் திரும்பிப் போய் நடக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இந்தியக் கல்வி நிறுவனங்களுக்காக நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பில், வீட்டிலிருந்தபடியே நிறுவன லாகினைக் கொண்டு மின்னிதழ்களைப் படிக்க முடிகிறது. இவையெல்லாம் உள்ளூர்ப் பட்டியல் சுத்தமாக இருந்தால்தான் வேலை செய்யும். பணி ஓய்வு பெற்றவர், படிப்பை விட்டவர் பெயர்கள் நீக்கப்படாமல் கிடந்தால், செல்லாத ஆளுக்கும் செல்லுபடியாகும் சீட்டு போய்விடும்.

அடுத்தது பந்தி நேரம். வருடம் முழுக்கச் சோம்பிக் கிடக்கும் இணையதளத்தில், தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று எல்லா இணைவுக் கல்லூரி மாணவர்களும், அவர்களோடு பெற்றோரும் ஒரே மணியில் வந்து நிற்பார்கள். முடிவு வரவில்லை என்றால் ஒருவரே பத்து முறை பக்கத்தைப் புதுப்பிப்பார். இதற்காகப் பெரிய சர்வர் வாங்குவது பலர் எடுக்கும் முடிவு. அதைவிட நல்ல வழி, பந்திக்காரர்களை அடுப்படிக்குள் விடாமல் இருப்பது. முடிவுகள் உறுதியானபின், வெளியாகும் நாளன்று அவை மாறப்போவதில்லை. ஒவ்வொரு பதிவு எண்ணுக்கும் உரிய பக்கத்தை முந்தைய இரவே தயாரித்து, படிக்க மட்டும் முடிகிற நகலாக வெளியே வைத்துவிடலாம். கேட்பவருக்கு அந்தப் பக்கம் எடுத்துக் கொடுக்கப்படுகிறது. தேர்வுத் தரவுத்தளத்தை யாரும் தொடுவதில்லை. வேகத்தோடு பாதுகாப்பும் கிடைக்கிறது: வெளிப் பக்கத்தை ஒருவர் உடைத்தாலும் அவர் கைக்குப் போவது நகல்தான், மூல மதிப்பெண் பட்டியல் அங்கே இல்லை. அக மதிப்பெண் பதிவேற்றத்தின் கடைசி நாளுக்கு இந்த வழி பொருந்தாது, அங்கே நூற்றுக்கணக்கான கல்லூரிகள் உள்ளே எழுதுகின்றன. கல்லூரிகளுக்கு வெவ்வேறு கெடு கொடுத்தால் அந்த நெரிசல் குறையும். ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை.

பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாறுவது தனிக் கலை. கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்போதே சமையற்கட்டை இடம் மாற்ற வேண்டும். பழைய அடுப்பை அணைத்துவிட்டுப் புதியதை மூட்ட முடியாது. புதிய தேர்வு மென்பொருளை ஒரு முழு செமஸ்டருக்குப் பழையதோடு சேர்த்து ஓட்டி, இரண்டின் மதிப்பெண் பட்டியல்களையும் வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே பழையதை நிறுத்த வேண்டும். அரியர் எழுதுகிறவர்களின் பழைய பாடத்திட்டம், மறுமதிப்பீட்டில் மாறிய மதிப்பெண், படிப்பை நடுவில் விட்டுத் திரும்பி வந்தவர் போன்ற விதிவிலக்குகள் இந்த ஒப்பீட்டில்தான் வெளிப்படும். சேர்க்கை மாதத்திலும் தேர்வு மாதத்திலும் எதையும் மாற்றக்கூடாது என்று நாட்காட்டியிலேயே குறித்துவைப்பது நல்லது.

திட்டத்தின் ஆயுளையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. ஒரு மென்பொருள் ஒன்றரை நூற்றாண்டு வாழ்வதில்லை. 1975-ல் படித்தவரின் சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லி இன்றும் வெளிநாட்டிலிருந்து கடிதம் வரலாம். அப்படியே இன்று சேரும் மாணவிக்காக 2070-களில் ஒரு கடிதம் வரலாம். ஆகவே டெண்டரில் விலையைப் போலவே கவனமாக எழுத வேண்டிய வரி ஒன்று உண்டு: ஒப்பந்தம் முடியும்போது எல்லாத் தரவும், ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள் என்ற விளக்கத்தோடு, எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவில் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அதை முடிவுநாள் வரை தள்ளிவைக்காமல், வருடத்துக்கு ஒரு முறை மொத்தத் தரவையும் வெளியே எடுத்து, தொடர்பே இல்லாத வேறொரு கணினியில் ஏற்றி, பத்து மாணவர்களின் மதிப்பெண் பட்டியலை அங்கிருந்து அச்சிட்டுப் பார்த்துவிட வேண்டும்.