தேயிலை மலையில் 300 கிலோமீட்டர் நடை!

இலங்கையின் மலைநாட்டுக்குப் போகிறவர்களில் பலர், ரயில் ஜன்னல் வழியாகத் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தோட்டங்களுக்குள்ளேயே நாள்கணக்கில் நடக்க ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் ‘பீக்கோ டிரெயில்.’ பீக்கோ என்பது தேயிலையின் ஒரு தரத்தைக் குறிக்கும் சொல்.

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கும் இந்தப் பாதை, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 22 கட்டங்கள். பயப்பட வேண்டாம், முழுவதும் நடந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஒரு கட்டத்தை ஒரு பகலில் முடித்துவிடலாம். ஆரம்பக் கட்டங்களிலேயே லூல்கந்துர வந்துவிடும். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது.

பாதையின் பெரும்பகுதி ஆங்கிலேயர் காலத்துத் தோட்டப் பாதைகள்தான். அவற்றில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்துக் கூடையுடன் நடந்தவர்கள் நம் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து மக்கள். ஆரம்ப காலத்தில் அவர்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததே கால்நடையாகத்தான். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அந்த நினைவாக 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் மீண்டும் நடந்தார்கள்.

உழைத்த மண்ணில் உரிமை மட்டும் சுலபமாகக் கிடைக்கவில்லை. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆனது. சொந்த நிலமில்லாமல் லயன் அறைகளில் வாழும் குடும்பங்கள் இன்றும் பல. நீங்கள் நடக்கும் பாதை அந்த வீட்டு வாசல்களை ஒட்டித்தான் போகிறது.

அதனால் போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்கலாம். பெரிய ஹோட்டலுக்குப் பதிலாக ஊர்க்காரர்கள் நடத்தும் சின்ன விடுதியில் தங்குங்கள். தோட்டத்துக் கடையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, ஒரு ப்ளேன்டீ குடியுங்கள். அந்தப் பணம் அங்கேயே தங்கும். கொழுந்து பறிக்கும் அக்காமார்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. மற்ற மாதங்களில் அட்டைக் கடி நிச்சயம். நீளமான காலுறை அவசியம். வழி தெரியாமல் நின்றால் கவலை வேண்டாம். தமிழிலேயே கேளுங்கள், தமிழிலேயே பதில் வரும்!