குழந்தைகளுக்கு யோகம் கற்பிக்கக் கைப்பேசி போதுமா?

– இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

விஞ்ஞானம் விரைந்து வளர்ந்துவரும் இக்காலத்தில், ஆசானைத் தேடி மாணவன் சென்ற நிலை மாறி, ஆசானே மாணவனின் உள்ளங்கைக்கு வந்துவிட்டார் என்று மேடைதோறும் கேட்கிறோம். அவ்வாறு உள்ளங்கைக்கு வந்த ஆசானிடம் பாடம் கேட்டு, எங்கள் தெருக் குழந்தைகள் பதினொருவருக்கு மாலை வேளையில் யோகாசனம் சொல்லிக்கொடுக்கத் துணிந்தவள் நான். அதில் கற்றதையும் தடுக்கி விழுந்ததையும் நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படத்தைப் பார்த்து ஆசனம் பயில்வது புதிய செய்தியன்று. பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் வெளியிட்ட ‘லைட் ஆன் யோகா’ என்னும் நூலில் ஏறத்தாழ 600 புகைப்படங்கள் உள்ளன. அதன்பின் 1975-76இல் நம் நாட்டில் ஏறக்குறைய 2400 கிராமங்களுக்குச் செயற்கைக் கோள் வழியாகத் தொலைக்காட்சிக் கல்வி சென்றது. 2017இல் மத்திய அரசு ‘ஸ்வயம்’ என்னும் இணையவழிக் கல்வித் தளத்தைத் தொடங்கியது. ஆக, கருவிகள்தாம் மாறின. ஆனால் புத்தகத்துக்கும் தொலைக்காட்சிக்கும் இருந்த குறை ஒன்று கைப்பேசிக்கும் அப்படியே இருக்கிறது. அந்த ஆசிரியரை நாம் பார்க்கிறோம். அவர் நம்மைப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே எதுவானாலும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று தெருவே நம்பியது. உண்மையைச் சொன்னால், நானும் நம்பிவிட்டேன். யூடியூபில் கபாலபாதி என்னும் மூச்சுப் பயிற்சியை ஒருவர் வெகு லாகவமாகச் செய்து காட்டினார். மறுநாளே அதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். யார் வேகமாகச் செய்கிறார்கள் பார்ப்போம் என்று போட்டியும் வைத்தேன். ஒரு நிமிடம் சென்றிருக்கும். எட்டு வயதுப் பையன் ஒருவன் கண் செருகிப் பக்கத்துப் பிள்ளையின் மேல் சாய்ந்தான். தண்ணீர் தெளித்து உட்காரவைத்ததும் தெளிந்துவிட்டான். ஆனால் அவனுடைய அப்பத்தா ஓடி வந்து, “ஏத்தா, காலேசுல படிக்கிற புள்ளைன்னு நம்பித்தான அனுப்புனேன்? எம்பேரனை என்னத்தச் செஞ்ச?” என்று கேட்டபோது எனக்கு வாய் எழவில்லை.

பதில் என் உடற்செயலியல் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. பரீட்சைக்குப் படித்து எழுதி மதிப்பெண்ணும் பெற்ற பகுதிதான். வேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் பிராணவாயு பெருகும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் இயல்பான மூச்சிலேயே நம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ முழுமையாகப் பிராணவாயுவை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது. மேலும் ஏற்ற அதிக இடமில்லை. மாறாக, கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அது குறைந்ததும் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. கபாலபாதியில் மூச்சை வெளித்தள்ளுவது மட்டுமே முயற்சி. உள்ளிழுப்பது தானாக நடக்க வேண்டும். போட்டி வைத்ததால் பிள்ளைகள் இரண்டையும் பலங்கொண்ட மட்டும் செய்தார்கள். திரையில் இருந்தவர் இதைச் சொல்லாமல் இல்லை. நான்தான் முதல் மூன்று நிமிடப் பேச்சைத் தள்ளிவிட்டுப் பார்த்திருந்தேன்.

அதன்பிறகு வகுப்பைப் பத்து நாள் நிறுத்திவிட்டு, பார்த்தவற்றையெல்லாம் மறுபடி பார்த்தேன். அப்போதுதான் ஒன்று புலனாயிற்று. நான் சேமித்து வைத்திருந்தவற்றுள் பெரும்பாலானவை பெரியவர்களுக்கானவை. உலக சுகாதார நிறுவனம் 2021 ஜூன் 21இல் அறிமுகமான எம்-யோகா செயலியைக்கூட 12 முதல் 65 வயது வரையுள்ளோருக்கென்றே அமைத்தது. என் மாணவர்களில் மூத்தவனுக்கே வயது பத்துதான்!

வயது ஏன் முக்கியம்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, நாலு எண்ணும் வரை விடச் சொல்கிறார் ஆசிரியர். எண்ணுக்கு ஒரு விநாடி என்றால் ஒரு மூச்சுக்கு 8 விநாடி. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 15 முறை மூச்சுவிடுகிறார் என்று கொண்டால், அவருக்கு ஒரு மூச்சு 4 விநாடி. இரு மடங்கு நீட்டினால் போதும். நிமிடத்துக்கு 20 முறை மூச்சுவிடும் குழந்தைக்கோ ஒரு மூச்சு 3 விநாடிதான். அதே பாடம் அக்குழந்தைக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு இழுப்பாகிறது. இப்போது நான் எண்ணிக்கையே சொல்வதில்லை. வண்டுபோல ரீங்காரமிடச் சொல்கிறேன். ரீங்காரம் தீரும்போது மூச்சு தானே தீர்கிறது. பிராமரி என்று அதற்குப் பெயர் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

எலும்பின் செய்தியும் இத்தகையதே. வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனையருகே வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. அது எலும்பைவிட வலுக்குறைந்தது. ஆகவே தலையிலும் கழுத்திலும் எடை தாங்கும் ஆசனங்களை நான் அறவே விட்டுவிட்டேன். உடம்பை வில்லாய் வளைக்கும் சிறுமியின் படத்துக்கு ஆயிரமாயிரம் பேர் விருப்பக் குறி இடுகிறார்களே, அதைப் பார்த்து அப்படியே வளைக்கப் புறப்படும் ஆசிரியரை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி, கருவியை எப்படிப் பயன்படுத்தினேன் என்பதைச் சொல்கிறேன். திரையில் ஆசிரியர் நம் எதிரே நிற்கிறார்; அவருடைய வலக்கை நம் இடப்பக்கம் தெரிகிறது. சில காணொளிகளில் படமே கண்ணாடிபோல் புரண்டிருக்கும். பின்சுவரில் ஏதேனும் எழுத்து இருந்தால் அது தலைகீழாகாமல் இடவலம் மாறியிருப்பதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். இந்தக் குழப்பம் தீர, பிள்ளைகளின் வலது மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டிவிட்டேன். ‘நூல் கட்டிய கை மேலே’ என்றால் தீர்ந்தது. காணொளியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால், திரிகோணாசனத்தில் முதலில் நகர்வது கையா இடுப்பா என்பது தெளிவாகத் தெரியும். ஆனால் எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது, கைப்பேசியைச் செங்கல் மேல் சாய்த்துவைத்து என்னையே படம் பிடித்ததுதான். முதுகை நேராக வைத்திருப்பதாக நான் எண்ணிக்கொண்டிருந்தது எத்தனை பெரிய பொய் என்று அன்று கண்டேன்!

தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் பள்ளி மாணவர்க்கென வெளியிட்ட யோக நூல்களை இணையத்தில் விலையின்றிப் பெறலாம். செய்யத் தக்கவை, தகாதவை அவற்றில் தனித்தனியே தரப்பட்டிருக்கின்றன. காணொளியை அருகில் வைத்து அந்நூலையும் படிப்பது நலம். பிள்ளைகளின் முகம் சிவக்கிறதா, பல்லைக் கடிக்கிறார்களா, மூச்சை அடக்குகிறார்களா என்பதை மட்டும் எந்தச் செயலியும் நமக்காகப் பார்த்துச் சொல்லாது. அதனால் வகுப்பு நடக்கும்போது கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுகிறேன்.

பத்து நாள் கழித்து அப்பத்தாவின் வீட்டுக்குப் போய், நடந்தது என் தவறுதான் என்று விளக்கிச் சொன்னேன். கரியமில வாயு அவருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. “நானும் வந்து உக்காந்து பாப்பேன்” என்றார். இப்போது நாள்தோறும் மாலையில் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். பட்டாம்பூச்சியும் பூனையும் பாம்புமாகப் பிள்ளைகள் மாறும்போது பேரனை மட்டுமல்ல, என்னையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.